நூம்பலுக்கு எடுத்துப்போன மோட்டார் படம்

சனிக்கிழமை காலை 8.10. ஆவடி ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய் கொடுத்து அம்பத்தூருக்குச் சீட்டு வாங்கினேன். அண்ணனூர், திருமுல்லைவாயல், அடுத்தது அம்பத்தூர். கால் மணி நேரம்கூட ஆகாது. இந்தப் பயணத்தை நினைத்து முந்தின இரவு நான் தூங்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ரயிலுக்கு நான் பயப்படவில்லை. அதற்குப் பிறகு போகவேண்டிய நூம்பலுக்குத்தான் பயந்தேன்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஓய்வு நேரத்தில் பழைய மோட்டார் வண்டிப் படங்களைத் தேடிப் போய், அவற்றின் கதைகளைக் கேட்டு எழுதுவேன். வண்டி ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது, கற்றுக்கொள்ள விட்டதும் இல்லை. காரணம் எங்கள் தாத்தா ஆரோக்கியம். பூந்தமல்லியில் ஒரு துரையிடம் மோட்டார் ஓட்டினார். நூம்பல் ஆள் ஒருவர் சாலையைக் கடக்கும்போது குறுக்கே விழுந்து, தாத்தா ஓட்டிய வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனார். அன்றோடு தாத்தா வேலையை விட்டார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான்.

அந்த வண்டியின் படம் எங்களிடம் இருக்கிறது. பின்னால் துரை, முன்னால் தாத்தா, இரண்டே பேர். போன மாதம் அதைப் பழைய படங்களுக்கான ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் முழுப் படத்தையும் போடாமல் நடுவில் கொஞ்சம் மட்டும் போட்டேன். இரண்டே நாளில் நூம்பலிலிருந்து முனுசாமி என்பவர் குரல் பதிவு அனுப்பினார். "டீச்சர், இதே போட்டோ எங்க ஊட்ல கீது. எங்க தாத்தா போட்டோ. மொகத்துல பூஞ்ச புட்ச்சி ஒன்னுமே தெர்ல. ஆடி அமாவாசைக்கு புச்சா பிரிண்டு போட்டு மாட்டணும். உங்க்ளுத கொஞ்சம் எத்துகினு வர்றீங்களா?"

அதை இரண்டு முறை போட்டுக் கேட்டேன். வண்டி அடித்துச் செத்தவர் நூம்பல்காரர். இந்தப் படமும் நூம்பலில் இருக்கிறது. அப்படியானால் அவர்கள் இத்தனை வருடமாக மாலை போட்டுக் கும்பிடுவது யாரை? செத்தவரை என்று நினைத்துக்கொண்டு, அவரைக் கொன்ற வண்டியை ஓட்டிய என் தாத்தாவையா? இப்போது அதே முகத்தை இன்னும் தெளிவாக நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேனா? 'வருகிறேன்' என்று மட்டும் பதில் அனுப்பினேன். மற்றதை நேரில்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் போனில் சொல்ல வாய் வரவில்லை.

8.40. அம்பத்தூரில் என் அண்ணன் வீடு. தாத்தாவின் படம் அங்கேதான் மாட்டியிருக்கும். அண்ணன் நாற்காலியைப் போட்டு ஏறி அதை எடுத்துக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் சரியில்லை.

"ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தா போதாதா மேரி? படத்தையே எதுக்குத் தூக்கிட்டுப் போற?"

"அவங்க பாக்கணும்னு கேக்கறாங்கண்ணே."

"பாத்துட்டு அடிக்க வந்தாங்கன்னா? தனியா வேற போற. எதையும் பேசிக்கிட்டு இருக்காத. சாயங்காலம் கொண்டாந்து மாட்டிடு."

படத்தை ஒரு பழைய புடவையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணி கொடுத்த காபியைக் குடிக்க முடியவில்லை.

9.15. நூம்பலுக்கு ஆட்டோக்காரர் முன்னூற்றைம்பது கேட்டார். முன்னூறுக்குப் பேசி ஏறினேன். பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. எஸ்டேட் தொழிற்சாலைகளில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களின் வண்டிகள் ஒரு பக்கம், இரும்புக் குழாய் ஏற்றிய லாரிகள் இன்னொரு பக்கம். அயனம்பாக்கம் தாண்டும்வரை ஒரு கையால் பையையும் இன்னொரு கையால் கம்பியையும் பிடித்தபடி, உதட்டுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டே போனேன். கண்ணாடியில் என்னைப் பார்த்த ஓட்டுநர், "கம்பிய அப்டி இஸ்காதீங்கக்கா, கைலயே வந்துரப்போது" என்றார்.

பையில் என்ன என்று கேட்டார். பழைய கார் படம் என்றேன். அந்தக் காலத்து வண்டிக்குச் சாவி உண்டா என்று கேட்டார். இதுதான் எனக்குப் பிடித்த பேச்சு, பயம் கொஞ்சம் விலகியது. சாவியைத் திருப்பினால் கிளம்பாது, வண்டிக்கு முன்னால் ஒருவர் நின்று இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும், உள்ளே இருப்பவர் அதற்கு முன் கியரை எடுத்து நியூட்ரலில் வைத்திருக்கவேண்டும் என்று வகுப்பெடுத்தேன்.

"எடுக்காம உட்டா?"

"சுத்தறவர் மேலயே வண்டி பாயும்."

"அப்ப சுத்துறவன் உசுரு உள்ள குந்திகினு கீறவன் கைல" என்றவர், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினார். எனக்கு மறுபடியும் செபமாலை தேவைப்பட்டது.

10.05. நூம்பல். ஒரு பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் எருமைகள் நிற்கும் காலி மனைகள். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் முனுசாமி காத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எனக்காக லீவு போட்டிருந்தார். அதைக் கேட்டதும் இன்னும் பயந்தேன். திரும்பி ஓடுவதற்கு ஆட்டோவும் போய்விட்டிருந்தது.

வீட்டில் இரண்டு அறைகள், மேலே தகரம் போட்டிருந்தது. முனுசாமியின் அக்கா கன்னியம்மாள் தலை வாரி, பூ வைத்து, விசேஷத்துக்குக் கிளம்பியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "வா கண்ணு, தாத்தாவ இட்டுகினு வந்துட்டியா?" என்று என் பையைப் பார்த்துக் கேட்டார். தம்பிக்காவது தாத்தாவைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, எனக்கு அந்தப் பேச்சுக்கூட மறந்துகொண்டு வருகிறது, கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிடவேண்டும் என்றார். இதற்கு மேல் தாமதித்தால் என்னால் முடியாது என்று தெரிந்தது. நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, மன்னிக்கணும். அந்தப் படத்துல வண்டி ஓட்டறவர் உங்க தாத்தா இல்ல. எங்க தாத்தா. உங்க வீட்டுப் பெரியவர் செத்தது அவர் ஓட்டின வண்டியாலதான்."

முனுசாமி அக்காவைப் பார்த்தார். கன்னியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிக்க வருவார்கள் என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"டிரைவர் ஆரோக்கியம் பேத்தியா நீ?" என்றார் கன்னியம்மாள். "அவரு டிரைவருன்னு எங்களுக்குத் தெரியாதா இன்னா? எங்க தாத்தா ஏழுமல இதோ கீறாரு பாரு."

நடுவீட்டில் மாட்டியிருந்த படத்தின் வலது ஓரத்தைத் தொட்டார். அப்போதுதான் பார்த்தேன். அதே வண்டி, அதே துரை, அதே தாத்தா, பின்னால் அதே மதில் சுவர். ஆனால் இந்தப் படம் எங்களுடையதைவிட நான்கு விரல் அகலம் அதிகம். அந்த நான்கு விரலில், வண்டிக்கு முன்னால் ஒருவர் குனிந்து இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தலைப்பாகை தெரிகிறது, கைகள் தெரிகின்றன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாகப் பூஞ்சை.

"உங்க போட்டோவ எடு கண்ணு. மொகத்தப் பாக்கலாம்."

புடவையைப் பிரித்துப் படத்தைப் பாயில் வைத்தேன். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். விரல் துரையிடமிருந்து தாத்தாவுக்கு வந்தது, தாத்தாவிடமிருந்து வண்டியின் முன்பக்கத்துக்கு வந்தது, அங்கிருந்து சட்டத்தைத் தாண்டிப் பாயில் இறங்கிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து தேடினார். எனக்கு அழுகை வந்தது.

முனுசாமி ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவந்து, எங்கள் படச் சட்டத்தின் பின்னாலிருந்த ஆணிகளைக் கழற்றினார். வேலை தெரிந்த கை, அட்டைக்குக் கீறல் படவில்லை. மூன்று பக்கமும் ஸ்டூடியோவின் தங்கக் கோடு ஓடியது. வலது பக்கம் கோடு இல்லை. கத்தரிக்கோல் போன தடம் லேசாகக் கோணியிருந்தது. நூறு பழைய படங்களைப் பார்த்தவள், வண்டியின் முன்பக்கம் ஓரத்தில் இடிப்பதைப் பார்த்து, படம் எடுத்தவருக்கு அளவு தெரியவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறேன். தாத்தாவின் வண்டிக்குக் கைப்பிடி சுற்றியது யார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

"எப்படிச் செத்தார்?" என்று கேட்டேன்.

முனுசாமிதான் சொன்னார். "ஸ்டார்ட் பண்ணச் சொல்ட்டு இவரு கியர எடுக்கல. அவரு சுத்திகினு கீறாரு, வண்டி ஒரே பாய்ச்சல். அந்தா பின்னால தெரியுது பாருங்க, அதே செவுத்துல வெச்சி அமுக்கிச்சி. எங்கப்பாக்கு அப்போ நாலு வயசு."

சாலையும் இல்லை, குறுக்கே வந்த யாரோ ஒருவரும் இல்லை. தினமும் கூடவே வேலை செய்த ஆள். அவர்கள் படத்தில் என் தாத்தா, ஏழுமலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

"எங்க வீட்டுலதான் யாரோ வெட்டியிருக்காங்க" என்றேன். சொல்லாமல் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் என் வாயால் சொல்லவேண்டும் என்று தோன்றியது. "நீங்க எங்க தாத்தாவ வெட்டாம விட்டுட்டீங்களே."

கன்னியம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "வெட்டறதுன்னா நாங்கதான் வெட்டிருக்கணும். எங்கப்பாக்கு மனசு வர்ல. கூட நின்னவரு நிக்கட்டும்னுட்டாரு." கற்பூரம் காட்டும்போது என் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். பொட்டு மட்டும் ஏழுமலைக்கு.

12.30. சாப்பிடாமல் விடவில்லை. சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம். கன்னியம்மாள் எனக்குப் பரிமாறிவிட்டு, பூஞ்சை பிடித்த அந்த இடத்தை ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கப்போனார். தம்பி வேண்டாம் என்று தடுத்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

1.20. வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தம்வரை முனுசாமி பைக்கில் கொண்டுவந்து விட்டார். என் வாழ்க்கையில் பைக்கில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. பயமாக இருந்தது என்று சொல்லவேண்டும், ஆனால் அப்போது மனசு அங்கே இல்லை. இறங்கியதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"டீச்சர், ஒன்னு கேக்கட்டா? அக்கா எதிர்ல கேக்க முடியாது. அவுரு மறந்துதான் கியர எடுக்காம உட்டாரா, இல்ல ரெண்டு பேருக்கும் எதுனா பகையா? எங்கப்பா சாகறவரைக்கும் இதையே கேட்டுகினு இருந்தாரு."

மறந்துதான் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசைப்பட்டேன். காலையில் கேட்டிருந்தால் பைபிள் மேல் கை வைத்துச் சொல்லியிருப்பேன். தாத்தா எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். சாலையைக் கடந்த யாரோ ஒருவர் என்று சொன்னதும் அதே வீடுதான்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

1.45. பூந்தமல்லி பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். நல்லபடியாகக் கிளம்பிவிட்டாயா, ஏதாவது தகராறு செய்தார்களா என்று கேட்டார். இல்லை, சாப்பாடு போட்டார்கள் என்றேன். பிறகு கேட்டேன்.

"அண்ணே, அந்தாள வெட்டி எடுத்தது யாரு?"

அவர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் தூரமானது. வாசலுக்கு வந்துவிட்டார் போல.

"அவங்ககிட்ட ஒன்னும் பேசிடலையே நீ?" என்றார்.

எந்த ஆள் என்று அவர் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன். பூந்தமல்லியில் இறங்கி, அம்பத்தூர் பக்கம் போகாமல் ஆவடி பஸ்ஸில் ஏறினேன். படம் இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நூம்பலுக்குப் போகப் பயந்தவள் நான். என் அண்ணன் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், எடுக்கப் பயமாக இருக்கிறது.