எங்கூட்டுல ரெண்டு டர்னர்

சீட்டின் மேல் போட்ட மெத்தையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அன்புக்கரசி காரில் ஏறுவார். தட்டாமல் ஏறினால் அன்றைக்கு யாராவது கியர் என்று நினைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. தட்டினாலும் இழுக்கத்தான் இழுக்கிறார்கள், அது வேறு விஷயம். சிங்காநல்லூரில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவருடைய தொழில். வயது முப்பத்தாறு. உயரம் மட்டும் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது.

புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாள் காருக்குள் எட்டிப் பார்த்து, “டீச்சர் எப்ப கண்ணு வருவாங்க?” என்று கேட்பார்கள். “வந்தாச்சுங்க. பெல்ட்டப் போடுங்க” என்பார். அதோடு சரி, அப்புறம் யாரும் ‘கண்ணு’ என்று கூப்பிடத் துணிவதில்லை. திட்டுவதிலும் அவர் ‘ங்க’ போடாமல் விடமாட்டார். “லாரிக்குக் குறுக்கால உட்டுப்போட்டீங்களே, எமன் என்ன உங்க மாமனுங்களா?” என்று மரியாதையாகக் கேட்பார். திட்டு வாங்கியவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிளட்சை விட்டுவிடுவார்கள்.

அந்த உயரத்துக்கு ஒரு பெயர் உண்டு. டர்னர் சிண்ட்ரோம். பிறக்கும்போதே வந்தது, டாக்டர்கள் கண்டுபிடித்தது என்னவோ பதினாலு வயதில். அன்றிலிருந்து மாத்திரை, வருஷத்துக்கு ஒருமுறை இதயத்துக்கு ஸ்கேன். அகலமான கழுத்தை மறைக்கக் காலர் வைத்த ரவிக்கை தைத்துக்கொள்கிறார். இடது காது கொஞ்சம் மந்தம். ஓட்டப் பழகுகிறவர் வலது பக்கம் உட்காருவதால் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லை. “விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?” என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் இடது காதைக் காட்டிவிடுவார். விடாமல் கேட்பவர்களுக்கு, “உண்டுங்க, நேத்துத்தான் கிளட்ச் பிளேட் மாத்துனோம்” என்று பதில் கிடைக்கும்.

பெண் பார்க்க வந்த அன்றே விஷயத்தைப் போட்டு உடைத்தவர் அவர். “எனக்கு டர்னருங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன்” என்றார். மாப்பிள்ளையின் அம்மா மாசாணியம்மாளுக்கு முகமெல்லாம் பல். “அட, பொண்ணும் ஐ.டி.ஐ.யா! எம்பட பையனும் டர்னருதாங் கண்ணு!” மாப்பிள்ளை வெள்ளியங்கிரி பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர். தப்பு அந்த அம்மாளுடையது அல்ல, இந்த ஊரில் வீட்டுக்கு ஒரு டர்னர் இருப்பான். அன்புக்கரசி சிரிக்காமல் விளக்கினார். “பொம்பளைங்களுக்கு உடம்புல எக்ஸ் குரோமோசோம்னு ரெண்டு இருக்கோணுமுங்க. எனக்கு ஒண்ணுதான். உசரம் இவ்வளவுதான். கொழந்தையும் பொறக்காதுன்னு சொல்லிட்டாங்க.”

வெள்ளியங்கிரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “ஒண்ணு கொறஞ்சா என்னங்க, நம்ம லேத்துல கடைஞ்சுக்கலாம்” என்றார். பேச்சுக்குச் சொன்னார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணமான மாதமே, அன்புக்கரசியின் கால் எட்டுகிற மாதிரி டீச்சர் பக்கத்து பிரேக்குக்கு ஓர் இரும்புக்கட்டை கடைந்து மாட்டினார். இன்றைக்கும் பாதி சிங்காநல்லூரைக் காப்பாற்றி வருவது அந்தக் கட்டைதான்.

அன்புக்கரசிக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது வளைகாப்பு. எந்த வீட்டில் நடந்தாலும் பிள்ளை இல்லாதவளைக் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் மணையில் உட்கார வைத்து, ‘அடுத்தது உனக்குத்தான்’ என்று கை நிறைய வளையல் போட்டுவிடுவார்கள். பத்து வருஷமாக அந்த ‘அடுத்தது’ பதவி அவருக்குத்தான். அவருடைய மெலிந்த கையில் அவை முழங்கை வரை ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி பீரோவின் மேலிருக்கும் பூஸ்ட் டப்பாக்களில் போடுவார். போட்டுக்கொள்ளவும் முடியாது, எறியவும் மனசு வராது. அந்த மணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு கையை நீட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்கு வலிக்கும்.

போன மாதம் வெள்ளியங்கிரியின் தங்கை கௌசிகாவுக்கு வளைகாப்பு. அன்புக்கரசியிடம் கார் பழகி, அவர் வாயால் அதிகம் திட்டு வாங்கிய செல்லம் அவள். “இந்தவாட்டி வளையல் வாங்க மாட்டேனுங்க அத்தை. கௌசிகாவுக்கு நான் போட்டுடறேன்” என்று அன்புக்கரசி மாமியாரிடம் கேட்டுப் பார்த்தார். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மாசாணியம்மாள் நிமிரவில்லை. “சபையில நாலு பேரு நாலு சொல்லுவாங்க கண்ணு” என்றார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

சூலூர் மண்டபத்தில் கௌசிகாவை உயரமான மேடையில் சிம்மாசனம் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாசாணியம்மாளின் அக்கா மேடைக்குக் கீழே மணைப்பலகையைப் போட்டுவிட்டு, “வா அம்மணி, உக்காந்து கைய நீட்டு. அடுத்தது உனக்குத்தான்” என்றார்.

“வாங்குனது போதுமுங்க பெரியம்மா. இன்னைக்கு நான் போடறேன்.”

“புள்ள பெத்தவங்கதான போடோணும்? உனக்கும் காலம் வருமல்லோ, பொறு.”

“வராதுங்க. எனக்கு டர்னருங்க.”

பெரியம்மா முழித்தார். “டர்னரு உம்பட ஊட்டுக்காரனல்லோ?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தனை பேர் நடுவில் எக்ஸைப் பற்றிப் பாடம் எடுக்கவா முடியும்? அன்புக்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா,” மாசாணியம்மாள் முன்னால் வந்தார். “எங்கூட்டுல ரெண்டு பேருமே டர்னருதானுங்க. எம்பட மருமகளே மொதல்ல போடட்டும்.”

“அதென்னடி புது மொறை?” என்ற கேள்விக்கு அவரும் இடது காதைக் காட்டினார், அந்தக் காது நன்றாகக் கேட்கும் என்றாலும்.

அன்புக்கரசி வளையல்களை எடுத்தார். கௌசிகா கையைத் தாழ்த்தி நீட்டியதால் வளையல் ஏறிவிட்டது. மேடைக்குக் கீழே நின்று சந்தனம் பூசத்தான் கன்னம் எட்டவில்லை. எக்கிப் பார்த்தார், வயிற்றுச் சுமையோடு கௌசிகாவால் குனியவும் முடியவில்லை.

மாசாணியம்மாள் குனிந்து, மருமகள் உட்காருவதற்காகப் போட்டிருந்த மணையைத் தூக்கிவந்து மேடையோரமாக, சிம்மாசனத்துக்கு முன்னால் போட்டார். ஆடுகிறதா என்று பார்த்தார். பிறகு, “ஏறு” என்பதுபோல் அதன் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.