காற்றை அடைக்கவும்

மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில், ஆரஞ்சுச் சாற்றைப் பாட்டிலில் நிரப்பும் சின்ன ஆலை ஒன்றில் தேவகுமாரிக்கு எட்டு வருடமாகப் பாட்டில் கழுவும் வேலை. புது வால்வுகள் வந்து இறங்கியதும், தன்னை மெஷின் வேலையில் போடும்படி வாய்விட்டே கேட்டாள். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் மேனேஜர் சதீஷ், சேலத்துக்காரர். அந்த மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி.

புது வால்வுக்குள் இருப்பது ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். சாறு அதற்குள்ளேயே ஓடும். இடுக்கில் தங்கிப் புளிக்காது. குழாயைச் சுற்றிக் காற்றை ஏற்றினால் ரப்பர் நெரிந்து வழி அடைபடும். காற்றை விட்டால் திறந்துகொள்ளும். அதைக் கழுவித் துப்புரவாக வைப்பதில் தேவகுமாரிக்குத் தனிச் சந்தோஷம்.

அன்று காலை பத்து மணிக்குக் கரண்ட் போய் கம்ப்ரசர் நின்றது. தொட்டி நிறைய நானூறு லிட்டர் சாறு. காற்றழுத்தம் காட்டும் முள் மெல்ல இறங்கியது. சுவரில் ஃபிட்டர் ஒட்டிவிட்டுப் போன தாளைச் சதீஷ் படித்தார்: ‘கரண்ட் போனால் காற்றை அடைக்கவும்.’ படித்த கையோடு காற்றுக் குழாயை மூடப் போனார். தேவகுமாரி குறுக்கே நின்றாள்.

“மூடாதீங்க சார். சாறு பூராத் தரையில போயிருமுங்க.”

“ஏனுங்க்கா, அடைக்கச் சொல்லித்தான எழுதியிருக்குது?”

“டயர்ல காத்தடைக்கறமில்லீங்க, அந்த அடைக்கறதுங்க. கதவடைக்கறது இல்லீங்க.”

படித்த மனிதருக்கு இது கொஞ்சம் சுருக்கென்றது. “தப்பாப் போச்சுன்னா மறுபடி பாட்டில்தானுங்க கழுவோணும்,” என்றார்.

ஆனாலும் தேவகுமாரி விடவில்லை. பக்கத்தில் தண்ணீர் வரும் வழியிலும் அதே வால்வுதான். அதன் காற்றை மட்டும் மூடிக் காட்டினாள். உள்ளே இருந்த காற்று கசிந்து ரப்பர் தளர, தண்ணீர் சதீஷின் புது ஷூவில் பாய்ந்தது. அவர் வாய் திறக்குமுன், மூடியதைத் திறந்துவிட்டு, அவசரத்துக்கு வைத்திருந்த காற்று சிலிண்டரையும் திறந்தாள். முள் ஏறியது, தண்ணீர் நின்றது. சாற்றில் ஒரு சொட்டுகூட வீணாகவில்லை.

சதீஷ் ஈர ஷூவோடு போய், தாளில் ‘அடைக்கவும்’ என்பதை அடித்துவிட்டு ‘ஏற்றவும்’ என்று எழுதினார். பேனாவை மூடாமல் திரும்பினார்.

“ஆபரேட்டர்னு யாரு பேருங்க்கா போடறது?”

“எம்பேருதானுங்க சார். பெருசா எழுதுங்க.”

எழுதினார். அவள் கிட்டே போய் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். இதற்கு வேறு அர்த்தம் எடுக்க யாராலும் முடியாது.