ஏழு மணிக்குள் கையெழுத்து

இதை நம்பச் சொல்லி நான் யாருடைய காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். 1977ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, வியாழக்கிழமை. இடம் மெல்பேர்ன் நகரம். மாலை ஐந்து மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில் என்னோடு அந்த அறைக்குள் இருந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் யாரோ இருந்தார்கள். என் கையைத் தொட்டார்கள்.

என் பெயர் பவளம். அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. என் கணவர் சச்சிதானந்தன் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். மல்கிரேவில் வாடகை வீடு. என் வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. நிரந்தர வதிவிடத்துக்கான விண்ணப்பத்தையும் என் வேலையைக் காட்டித்தான் போட்டிருந்தோம். அந்த வேலை போனால் நாங்கள் பெட்டி கட்டவேண்டியதுதான்.

பழம்பொருட்களை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. மூன்றாம் மாடிக் களஞ்சிய அறையில் இருந்து, வருகிற பொருட்களுக்குப் பட்டியல் எழுதுவேன். முதலாளி மிஸ்டர் கார்விக்குப் பவளம் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'பாவ்' என்றுதான் கூப்பிடுவார். பாவம் என்று கூப்பிடாதவரை பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம், செத்துப்போன ஒரு பிரெஞ்சுக் கிழவரின் வீட்டிலிருந்து சில பொருட்கள் வந்தன. ஓர் எழுதுமேசை, ஒரு மைக்கூடு, ஒரு பித்தளை முத்திரை. வட ஆபிரிக்காவில் துனிஸ் நாட்டை ஆண்ட ஹுசைனிய வம்சத்து அரண்மனைச் சாமான்கள் என்று கூட வந்த கடிதம் சொன்னது. அந்த அரசர்களுக்கு 'பே' என்று பட்டம். சச்சி அதை வைத்தே இரண்டு நாள் பகிடி பண்ணினார். 1881இல் பிரெஞ்சுக்காரர் படையோடு வந்து, நாட்டைத் தங்கள் 'பாதுகாப்பில்' விடும் பத்திரத்தில் அரசரிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் கையெழுத்துப் போட்டது இந்த மேசையில்தானாம். கோழிக்கு நரி கொடுத்த பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டே தட்டச்சு செய்தேன்.

செவ்வாய் மாலை முத்திரையைப் பஞ்சு சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தேன். புதன் மத்தியானம் பார்த்தால் பெட்டி இருந்தது. முத்திரை இல்லை.

வியாழன் மாலை சரியாக ஐந்து மணி. கார்வி ஒரு காகிதத்தோடு வந்தார். என் கவனக்குறைவால் முத்திரை தொலைந்தது, வேலையை விட்டு விலகுகிறேன் என்று அதில் அடித்திருந்தது. கீழே எனக்காக ஒரு கோடு.

"ஏழு மணிக்குள் போடு, பாவ். போட்டால் இங்கேயே முடியும். போடாவிட்டால் போலீஸ். பிறகு உங்கள் விண்ணப்பம் என்னாகும் என்று யோசித்துப் பார்."

காகிதத்தை அந்த மேசையில் வைத்தார். பக்கத்தில் தன் பேனாவை வைத்தார். கீழ்க்கதவைப் பூட்டிக்கொண்டு எதிர்ப்பக்க மதுக்கடைக்குப் போய்விட்டார்.

5.10. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"போட்டிட்டு வாரும், பவளம். வீட்டை வந்து யோசிப்பம்" என்றார் சச்சி.

"நான் எடுக்கேல்லையப்பா."

"எனக்குத் தெரியும். ஆனா ஆர் எங்களை நம்பப்போறான்?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. கார்வி மேல் வந்த கோபத்தைவிடச் சச்சி மேல் வந்த கோபம்தான் கூட.

5.25. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. மே மாதத்தில் மெல்பேர்னில் அப்படித்தான். குளிர் வேறு. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக்... டக்... டக். குதிரைக் குளம்பு. ஒன்றிரண்டு அல்ல, கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சன்னலால் எட்டிப் பார்த்தேன். சந்தில் இரண்டு குப்பைத் தொட்டிகளும் ஒரு வேனும் நின்றன. குதிரை இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை.

5.50. சப்பாத்துக் கால்கள் படியேறின. பத்துப் பதினைந்து பேர் இருக்கும். மூன்றாம் மாடிக்கு வந்தன. கதவுக்கு வெளியே நின்றன. யாரோ ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். காத்திருப்பவன் செருமுகிற மாதிரி.

"ஆர் அது?" என்றேன்.



கதவைத் திறந்தேன். பேய்க்குப் பயந்து கதவைச் சாத்துகிற ஆள் நான் இல்லை. நடை வெறுமையாகக் கிடந்தது. ஆனால் தரையில்... மணல். வெள்ளை மணல்.

6.20. தொலைபேசியைத் தூக்கினேன். உயிர் இல்லை.

6.31. மின்விளக்கு மங்கியது. மங்கி... மங்கி... அணைந்தது.

இருட்டில் பேனா உருளும் சத்தம் கேட்டது. உருண்டு வந்து என் விரலைத் தொட்டு நின்றது.

தள்ளிவிட்டேன்.

திரும்ப உருண்டு வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். கிழட்டு மூச்சு. அத்தர் வாசம். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பனிக்கட்டிக் குளிர். விரலில் ஒரு மோதிரம் இருந்தது, அது என் தோலில் அழுந்தியது. அந்தக் கை பேனாவை என் விரல்களுக்குள் திணித்து, என் கையைக் காகிதத்துக்குக் கொண்டு போனது. கோட்டுக்குக் கொண்டு போனது.

பேனா முனை காகிதத்தில் பட்டது. அதைப் பிடித்திருந்தது என் விரல்கள். அழுத்தியது நான் இல்லை.

பயந்தேன். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. எல்லாரும் போடு, போடு என்கிறார்கள். முதலாளி சொல்கிறார், புருஷன் சொல்கிறார், இப்போது செத்தவனும் சொல்கிறானா?

கையை உதறி இழுத்தேன். மணிக்கட்டில் தோல் கிழிந்தது. மின்வெட்டுக்கென்று வைத்த மெழுகுதிரி என் வேலைமேசை இலாச்சிக்குள் இருந்தது. தடவி எடுத்தேன். மூன்றாவது தீக்குச்சியில் பற்றியது.

எதிரே கதிரையில் உட்கார்ந்தபடி ஒருவர். சிவப்புத் துருக்கித் தொப்பி. வெள்ளைத் தாடி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் விழவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. விளக்கு வைத்த பிறகு உப்போ, ஊசியோ, மோரோ எதுவும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டுச் செல்வம் கூடவே போய்விடும். யார் கேட்டாலும் நாளைக்கு வா என்று சொல்லிவிடுவோம். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"ஐயா, நான் விளக்கு வைச்சிட்டன். இனி ஒண்டும் குடுக்கமாட்டன்."

அசைவில்லை.

"நீங்கள் போட்ட கையெழுத்தோட ஒரு நாடு போச்சுது. நான் போட்டா என்ரை வீடு போகும். போடமாட்டன். உங்களாலை ஏலுமெண்டாப் பாருங்கோ."

கதவுக்கு வெளியே செருமல். இப்போது பலமாக.

கிழவரின் தொப்பி கதவுப் பக்கம் திரும்பியது. பிறகு என் பக்கம்.

பிறகு... அழுகை. ஒரு பெரிய மனிதன் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

மெழுகுதிரி அணைந்தது.

இருட்டில் பேனா கீறியது. கிறீச்... கிறீச்...

என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன.

7.11. விளக்கு எரிந்தது. கதவைத் திறந்துகொண்டு கார்வி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"யார் அது?" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போட்டாயா?" என்று காகிதத்தை இழுத்தார். எனக்காக விட்ட கோட்டில் ஒரு கையெழுத்து இருந்தது. என்னுடையது அல்ல. கார்வியினுடையது. எத்தனையோ பட்டியல்களின் அடியில் நான் பார்த்த அதே கையெழுத்து, மை காயவில்லை. பக்கத்தில் சிவப்பு அரக்கு. அதில் ஒரு முத்திரை பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. என் மெழுகுதிரி வெள்ளை. அந்த அறையில் அரக்கு என்று ஒரு துண்டுகூட இருந்ததில்லை.

கார்வி படிகளில் விழுந்தடித்து ஓடினார். தொலைபேசியைத் தூக்கினேன். உயிர் வந்திருந்தது. போலீசை நானே கூப்பிட்டேன். காகிதத்தை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. மேசையில் கிடக்கிறது, நீங்களே எடுங்கள் என்றேன். விளக்கு வைத்தது வைத்ததுதான்.

சச்சியோடு நான் நாலு நாள் கதைக்கவில்லை. அவருடைய நண்பர் கதிர்காமநாதன் சரித்திரம் படிப்பிப்பவர். எங்களைச் சமாதானம் பண்ண வந்தவர் கதை முழுதும் கேட்டார். பிறகு ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு மறுநாளும் வந்தார்.

"அரசர் கையெழுத்துப் போட்டது மே பன்னிரண்டு, தங்கச்சி. வெளியிலை பிரெஞ்சுப் பட்டாளம். யோசிக்கச் சில மணித்தியாலம் குடுத்தவங்கள். சபையிலை சிலர் போடவேண்டாம் எண்டவையாம். மனுசன் பின்னேரம் ஏழு தாண்டிப் போட்டிட்டார்."

பட்டியலில் நான் ஆண்டை மட்டும்தான் அடித்திருந்தேன். திகதி எனக்குத் தெரியாது.

என் வேலை போகவில்லை. கார்விதான் போனார். அவருடைய பங்காளி வந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த வருடம் வதிவிடமும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு விளக்கம் சொல்லலாம் என்று வழக்கை விசாரித்த துப்பறிவாளர் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நாள் வந்தபோது அவர் அப்படிச் சொல்லவில்லை. தேநீரையும் குடிக்கவில்லை.

முத்திரை அகப்பட்டுவிட்டதாம். கார்வி அதைப் புதன்கிழமை காலை 11.10க்கு வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார். வங்கியின் பதிவேட்டைத் துப்பறிவாளர் இரண்டு தடவை பார்த்தாராம். அதற்குப் பிறகு போலீஸ் போய்த் திறக்கும்வரை அந்தப் பெட்டகத்தை யாரும் திறக்கவில்லை. காகிதத்தில் இருந்த அடையாளத்தோடு முத்திரையைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த சிறு வெடிப்புவரை பொருந்தியது.

அந்த அரக்கு என் விரலைச் சுட்டபோது, அதில் பதிந்த முத்திரை இரண்டு தெரு தள்ளி இரும்புக் கதவுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்திருக்கிறது.