ஈரலுக்கு லீவு இல்லை

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது கண் செயற்கைக் கண். டிக்கெட்டைக்கூட வலது கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிஸ்டன் கம்பெனியில் இருபது வருஷம் பீஸ்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்த பழக்கமாம்.

ஜூஜுவாடி நெரிசலில் பஸ் நின்றபோது பேச ஆரம்பித்தார். கண்ணில் வந்த புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. தொடை வழியாகக் குழாய் விட்டு ஈரலுக்கே மருந்து செலுத்துகிறார்கள். அதற்குத்தான் பெங்களூர் போகிறார்; இது மூன்றாவது தடவை.

"சரியாயிடுங்களா?"

"வளராம நிறுத்தத்தான் பாக்கறாங்க. கண்ணை எடுத்தப்பவே, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஈரலை ஸ்கேன் பண்ணச் சொன்னாங்க. லீவு கேட்டா, கண்ணைத்தான் எடுத்தாச்சே, ஈரலுக்கு எதுக்கு லீவுன்னு டைம் ஆபீஸ்ல சீட்டைத் திருப்பிட்டாங்க. எனக்கும் ஞாயமாத்தான் பட்டுச்சுங்க. கெட்ட பீஸைத் தூக்கிப் போட்டாச்சு, மிச்சத்தை யாரு மறுபடி செக் பண்றா?"

சிரித்தார். "நீங்க எங்க வேலை?"

என் கம்பெனியின் பெயரைச் சொன்னேன்; அவருடையது இல்லை, வேறொன்று. அங்கே டைம் ஆபீஸில் லீவு சீட்டு பார்ப்பவன் நான் என்று சொல்லவில்லை. எத்தனை சீட்டுகளை அப்படித் திருப்பியிருக்கிறேன் என்பது எனக்கே நினைவில்லை.

இறங்கும் முன் அந்த வலது கண்ணால் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கீறல் பார்க்கும் அதே பார்வை.