கூலன்ட் தோய்ந்த வேஸ்ட்டும் ஜெபராஜின் கையும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மண்ணூரில் ஒரு பழைய டிரில்லிங் மெஷினோடு ஆரம்பித்து, இரண்டாயிரத்து மூன்றில் ஒன்பது மெஷின் ஓட்டினேன். டிப்ளமோ படித்தவர்கள் என்னிடம் வந்து செட்டிங் கேட்பார்கள். கைவெட்டுக்கும் என்னிடம் வைத்தியம் இருந்தது. மெஷின் துடைக்கிற துணி வேஸ்ட்டைக் கூலன்டில் தோய்த்து இறுகக் கட்டுவேன். ரத்தம் நிற்கும், ஆள் ஷிப்ட்டை முடிப்பான்.

கூலன்ட் என்பது மெஷின் சூடாகாமல் இருக்க ஊற்றும் எண்ணெய் கலந்த தண்ணீர். ஞாயிறு லீவு முடிந்து திங்கள் காலை வந்தால் டாங்க் அழுகின முட்டையாக நாறும். அதற்கும் பழகியிருந்தோம்.

அப்படி ஒரு திங்களன்று, நாசரேத்திலிருந்து வந்த ஆபரேட்டர் ஜெபராஜின் வலது ஆள்காட்டி விரலை இரும்புச் சுருள் கிழித்தது. நானே கட்டினேன்.

புதன் காலை வந்து நின்றான். "விண்ணு விண்ணுன்னு தெறிக்கு அண்ணாச்சி. கை போயிருமோ?"

"சீழ் வச்சா விஷம் வெளிய வருதுன்னு அர்த்தம்டா. இதுக்குப் போயி அழுவுறியே" என்று சொல்லிக்கொண்டே கட்டை அவிழ்த்தேன். புறங்கை பன்னாக வீங்கியிருந்தது. மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அவனை ஏற்றிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "இதை யார் கட்டினது?"

"நான்தாம்மா. இருவது வருச சர்வீஸு."

"சீழ்னா என்ன தெரியுமா? இவரோட ரத்தத்துல செத்துப்போன வெள்ளை அணுக்கள். கிருமி விடுற விஷம் அந்த அணுவுல ஓட்டை போடுது."

"ஓட்டை போடுறது என் தொழிலும்மா. ஓட்டை விழுந்தா பீஸு சும்மாத்தானே கெடக்கும்?"

"இது சும்மா கிடக்காது, வெடிக்கும். உள்ளே இருக்கிறது கொட்டி மத்த அணுக்களைக் கூப்பிடும். அதுங்களும் வந்து வெடிக்கும். இந்த வீக்கம், சூடு எல்லாம் அந்தக் கலவரம்தான். நாளைக்கு வந்திருந்தா விரலை எடுத்திருப்பேன்."

"கிருமி எங்க கூலன்ட்ல இருந்தா வந்துச்சு?"

"தோல்லயும் இருக்கும். ஆனா நாறுற தண்ணிய புண்ணுல கட்டுவீங்களா?"

"எனக்குத் தெரியாதும்மா."

அன்றே கீறி, ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள்.

நான் திரும்பி வந்து ஒன்பது டாங்க்கையும் திறந்து கூலன்டைக் கொட்டச் சொன்னேன். வாடிக்கைக் கம்பெனியிலிருந்து போன்: "இன்னாய்யா, பீஸ் வராம லைன் நிக்குது!"

"நிக்கட்டும் சார். நாளன்னிக்கி ஓட்டறேன்."

லுங்கியை மடித்துக் கட்டி நானும் டாங்க்கில் இறங்கித் தேய்த்தேன். வெட்டுப்பட்டால் சோப்பு, தண்ணீர், உடனே டாக்டர். வேஸ்ட் கட்டினால் வேலை கிடையாது, முதலாளிக்கும் சேர்த்துத்தான் என்று சுவரில் எழுத வைத்தேன்.

ஜெபராஜின் விரல் தப்பியது. நுனி மட்டும் மடங்காது.

ஒன்பது மெஷின் வாங்கிய கதையை எவன் கேட்டாலும் சொல்வேன். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளுக்கும் விலை கொடுத்தது அவன் கை.