சும்மா மினுங்கும் சிவப்பு

பத்மா ரீச்சர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போகும் வழியில் அந்தப் புகையிரதக் கடவையில்தான் நின்றுகொண்டிருந்தேன். "விடியப்புறம் நெஞ்சு நோவெண்டவவாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே..." என்றார் அதிபர் தொலைபேசியில். ஐயோ, முதல்நாள் பின்னேரம்தானே என்னோடு சண்டை பிடித்தவர்! அழுகை வரவில்லை. யாரையாவது ஏச வேண்டும் போலிருந்தது.

அவரிடம் சங்கீதம் படித்தவர்களுக்கு அந்தக் கடவையைத் தெரியும். வீதியை மறிக்கப் படலை கிடையாது, மாறி மாறி மினுங்கும் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும். அவையும் பழுது. புகையிரதம், எங்கள் பேச்சில் கோச்சி, வராத நேரத்திலும் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணையும். சனம் பழகிவிட்டது: இரண்டு பக்கமும் ஒரு பார்வை, பிறகு ஒரே ஓட்டம். பிள்ளைகளும் அப்படி ஓடுவதைக் கண்ட நாளிலிருந்து ரீச்சர் காலையில் அங்கே நிற்கத் தொடங்கினார். விளக்கு மினுங்கினால் குடையை இடமும் வலமுமாக ஆட்டி எல்லோரையும் மறிப்பார்.

ஒருநாள் மயிலிட்டியிலிருந்து மீன் ஏற்றிவந்த வான்காரன் கோர்ன் அடித்தே காதைச் செவிடாக்கினான்.

"ரீச்சர், உது சும்மா மினுங்குது. ஐஸ் கரையுது, விடுங்கோ."

"சும்மா மினுங்கினால் நீரும் சும்மா நில்லும்."

கோச்சி வரவில்லை. அவன் ஏசிக்கொண்டே போனான். எனக்கும் எரிச்சல்தான், ஓரிடத்தில் நிற்கத் தெரியாத ஆள் நான்.

"ஏன் மாஸ்டர் உப்பிடி அந்தரப்படுறியள்? கோச்சி வாற நாளிலை ஆரும் நிப்பினம். வராத நாளிலை நிண்டு பழகினால்தான் பிள்ளையள் தப்புங்கள்" என்றார் ரீச்சர்.

கடைசிச் சண்டையும் இதைப் பற்றித்தான். குடை பிடித்து என்ன பயன், விளக்கைத் திருத்தச் சொல்லி ஊரே திரண்டு போவோம் என்று கத்தினேன். "போவம், நானும் வாறன். அதுவரைக்கும் ஆர் நிக்கிறது?" என்று கேட்டார்.

சுடலைக்குப் போகவும் அந்தக் கடவையைத்தான் தாண்ட வேண்டும். பறைமேளம் முன்னே போக, பாடை கடவைக்குக் கிட்ட வந்தபோது விளக்கு மினுங்கத் தொடங்கியது.

"நிப்பாட்டாதேங்கோ! பிரேதம் வழியிலை நிக்கக் கூடாது" என்றார் ரீச்சரின் அண்ணை. எங்கள் வழக்கம் அது. மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. "சும்மாதான் மினுங்குது" என்று சுமந்தவர்கள் அடியெடுத்து வைத்தார்கள்.

முன்னுக்கு ஓடிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினேன். "நில்லுங்கோ! ரீச்சர் இருந்தால் உங்களை விட்டிருப்பாவே?"

அண்ணை என்னை முறைத்தார். பிறகு அவருடைய முகம் உடைந்தது. "இறக்காமல் தோளிலையே வைச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்றார். மேளம் நின்றது. விளக்கு அணையும்வரை நின்றோம். கோச்சி வரவில்லை.

அடுத்த பாடசாலை நாளிலிருந்து காலையில் நான் நிற்கிறேன். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. கால் துடிக்கிறது, சனத்தோடு சண்டை பிடிக்கிறேன், ஒவ்வொரு முறையும் தண்டவாளத்தைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ரீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வேலை ஒன்றைத்தான்.

நேற்றும் கோச்சி வரவில்லை. பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள்.