முன்னறையில் இருந்த என்ஜின்

சோறு காய்ச்சும் பெரிய பானையில் பிஸ்டன்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வேலை முடிந்து கதவைத் திறந்து வந்த எனக்கு முதலில் தெரிந்தது அந்த ஆவிதான். குசினி ஜன்னல் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அத்தான் குளிர்த்தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக அடுப்புக்கு முன்னால் நின்று, கிழங்கு அவிந்துவிட்டதா என்று பார்ப்பவரைப் போல அகப்பையால் ஒரு பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, கையைக் கழுவிப்போட்டு ஓடி வாரும். ஆறினால் இந்தப் பின் உள்ளுக்குப் போகாது" என்றார். சூட்டில் பிஸ்டன் கொஞ்சம் விரியும். அது ஆறுவதற்குள் பிஸ்டனையும் அதன் தண்டையும் இணைக்கிற இரும்புப் பின்னைத் தள்ளிவிட வேண்டும். நான் கோட்டைக் கழற்றாமலேயே பழைய துவாயால் பிடித்துக்கொள்ள, அவர் பெருவிரலால் அழுத்தினார். பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றது. அத்தான் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அந்த வீட்டில் நான் கண்ட முதல் சிரிப்பு அது.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் இருந்தோம். வீடு அக்காவும் அத்தானும் வாடகைக்கு எடுத்தது. பின்பக்கச் சின்ன அறை எனக்கு. மேல்மாடி அறையில் எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்தார். சண்டையில் பாதை பூட்டியிருந்ததால் செய்தி சுற்றிச் சுற்றி, கொழும்பிலிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில்தான் வந்தது. அதற்குள் அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்துபோயிருந்தது. நான் வேலைத்தலத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தின் பின்னால் போய் நின்று அழுதேன். அக்கா அழவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள். பிறகு மெல்ல மெல்லக் கதைப்பதை நிறுத்தினாள். அதன்பின் சாப்பாடு குறைந்தது. சீப்பெடுத்துத் தலை இழுப்பதையும் விட்டாள். கடைசியில் டொக்டர் அவளை லண்டனுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அது என்ன ஆஸ்பத்திரி என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அங்கே போக ரயிலும் பஸ்ஸும் மாற வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தானும் நானும் போவோம். அக்கா கட்டிலின் விளிம்பில் இருந்து ஜன்னலைப் பார்ப்பாள். ஒருநாள் டொக்டர், அவள் கொஞ்சம் தேறியிருக்கிறாள், வருகிற ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அத்தான் அதைத் தமிழில் அவளுக்குச் சொன்னபோது அவள் மெதுவாக, "பஸ்ஸில எனக்கு ஏலாது. ஆக்கள் பாப்பினம்" என்றாள். வாடகைக் கார் பிடிக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் அதை ஓட்டுகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள். யாரை எங்கிருந்து, எந்தக் கோலத்தில் ஏற்றினோம் என்பது பின்னேரத்துக்குள் கோயில் வாசல்வரை வந்துவிடும். அத்தான் யோசிக்காமலே, "நான் எங்கட காரில வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் ஒருவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். ஆனால் எங்கள் கார் அப்போது வீட்டு வாசலில் என்ஜின் இல்லாமல், மேலே உறைபனியோடு நின்றது.

அத்தான் மெக்கானிக் இல்லை. ஊரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. என்ஜின் தட்டத் தொடங்கி, பிறகு புகைக்கத் தொடங்கி, ஒருநாள் நின்றே விட்டது. கராஜ்காரன் காரைப் பார்த்து, இனிச் சரிவராது என்று தலையை ஆட்டினான். அதன்பிறகுதான் அத்தான் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். கூட வேலை செய்கிற ஒருவர் சங்கிலிக் கப்பியோடு வந்து என்ஜினைத் தூக்கித் தந்தார். தேய்ந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை வாங்கி, வீட்டிலேயே பூட்டுவது என்று முடிவு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தப் புத்தகத்தில் எனக்குப் படங்கள்தான். அத்தான் ஒரு வரியை ஆங்கிலத்தில் வாசித்து, தனக்குள் தமிழாக்கி, பிறகு சாமானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். இருவருக்கும் விளங்கும்வரை யாரும் ஸ்பானரைத் தொடுவதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இருவர் சேர்ந்து வேலை செய்வதில் ஒரு வசதி, சும்மா இருக்கும் நேரத்தை நிரப்ப யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பின்வளவுக் கொட்டிலில்தான் தொடங்கினோம். அங்கே இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் சீனிப்பாகு போல ஊற்ற வராமல் நின்றது. கையுறை போட்டால் நட்டைப் பிடிக்க முடியாது, கழற்றினால் விரல் இருப்பதே தெரியாது. விழுந்த நட்டைப் பனிக்குள் தேடியே பாதி நேரம் போனது. அதனால்தான் என்ஜினை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அக்கா ஆசையாக வாங்கிய சோபாவைச் சுவரோடு தள்ளி, பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் வைத்தோம். பக்கத்தில் அறையைச் சூடாக்க மண்ணெண்ணெய் ஹீற்றர். மேலறை அண்ணை படியிறங்கி வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து ஏதாவது சொல்லாமல் போகமாட்டார். "என்ன ஐசே, புது ஆள் ஒருத்தரைக் குடி வைச்சிருக்கிறியள்? எனக்குக் கூட இப்பிடி ஒரு ஹீற்றர் தரேல்லை." அத்தான் நிமிராமலே, "இது ராவில இருமாது. நீங்களும் இருமுறதை நிப்பாட்டினால் உங்களுக்கும் தாறன் அண்ணை" என்பார்.

அந்தக் கிழமை முழுக்க வேலை நன்றாகவே நடந்தது. பிஸ்டன்கள் உள்ளே போய்விட்டன. வெள்ளிக்கிழமை பின்னேரம் மேல்மூடியைப் பூட்டுவது, சனிக்கிழமை கப்பிக்காரர் வந்து என்ஜினைக் காரில் இறக்குவது, ஞாயிறு அக்காவிடம் போவது என்று திட்டம். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மேலறை அண்ணை கோயிலுக்குப் போய் வந்தார். அக்காவின் பெயரில் அர்ச்சனை செய்து திருநீறு கொண்டுவந்திருந்தார். எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் திருநீறு பூசாமல் ஓட்டமாட்டார்கள். இந்த என்ஜின் கோயிலுக்குப் போக ஏலாதுதானே என்று அவர் நினைத்திருக்கிறார். மூடியிருந்த துணியை விலக்கி, இரும்பில் மூன்று குறி இழுத்தார். பிறகு, காய்ச்சல் பிள்ளைக்குச் செய்வதுபோல, உள்ளங்கையில் மிச்சமிருந்ததை அப்படியே என்ஜினின் மேல் ஊதிவிட்டார்.

நாங்கள் வந்து துணியை எடுத்தபோது, எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டிருந்த சிலிண்டர்களின் உள்சுவர் எல்லாம் சாம்பல் நிறச் சேறு. அத்தான் விரலால் தொட்டு, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"அண்ணை" என்று படியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அண்ணை இறங்கி வந்து, "திருநீறுதானே ஐசே. அது கெடுதல் செய்யுமோ?" என்றார்.

"உங்களுக்கும் எனக்கும் செய்யாது. என்ஜின் ஓடேக்க உள்ளுக்கு அரம் மாதிரி அராவிப்போடும்."

அண்ணையின் முகம் வாடிப்போய்விட்டது. "மேலால துடைச்சுப்போட்டு மூடுங்கோவன். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓடினால் காணும்தானே. பிள்ளை வீட்டுக்கு வந்திடும். பிறகு ஆறுதலாக் கழட்டலாம்" என்றார்.

அத்தான் சோபாவின் கைப்பிடியில் இருந்தார். அவர் அதை உண்மையாகவே யோசித்தார் என்று எனக்குத் தெரியும். மூடியைக் கையில் எடுத்து மடியில் வைத்து, அதன் விளிம்பை விரலால் தடவினார். பிறகு அதைக் கீழே வைத்தார். "வழியில நிண்டால் அவளை நடுத்தெருவில இறக்கி வைக்கோணும் அண்ணை. ஆக்கள் பாப்பினம் எண்டவள்" என்றார். என்னைப் பார்த்து, "தம்பி, கழட்டுவம்" என்றார்.

பூட்டியதையெல்லாம் கழற்றினோம். துடைக்க எடுத்த பழந்துணிகள் நூல் நூலாகப் பிரிந்து சிலிண்டரில் ஒட்டின. அண்ணை மேலே போனார். துணி கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சதுரம் சதுரமாகக் கிழித்த வெள்ளைத் துணிகளைக் கதவுப் பலகையில் அடுக்கி வைத்தார். கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி அது. அத்தான் அதைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், ஒன்றை எடுத்து மண்ணெண்ணெயில் தோய்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ரயிலும் பஸ்ஸுமாகப் போனோம். அக்கா கோட்டைப் போட்டு, பையை மடியில் வைத்து, தயாராக இருந்தாள். தலை இழுத்திருந்தாள். அதைக் கண்டதும் எனக்கு வாசலிலேயே நின்றுவிடலாம்போல இருந்தது. அத்தான் அவள் முன்னால் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "கார் முடியேல்லை" என்றார். அக்காவின் கண் மறுபடி ஜன்னலுக்குப் போனது. அத்தான் அதிகம் கதைக்காதவர். அன்றைக்கு ஏதோ ஒரு பயத்தில் கதைக்கத் தொடங்கினார். பானையில் பிஸ்டன் அவித்தது, சோபா, ஹீற்றர், எல்லாம். திருநீறுக்கு வந்தபோது உள்ளங்கையை விரித்து, கன்னத்தை உப்பி, அண்ணை ஊதியதைப்போலவே ஊதிக் காட்டினார். அந்தப் பக்கம் போன நேர்ஸ் நின்று பார்த்தாள்.

அக்கா திரும்பினாள். "ஊதினவரோ?"

"ஓம். வடிவா ஊதினவர்."

"அந்த மனிசனை நீங்கள் ஏசினியளோ?"

"இல்லை. அவர் பாவம், தன்ர வேட்டியைக் கிழிச்சுத் துடைக்கத் தந்திட்டார்."

"எந்த வேட்டி?"

"கோயிலுக்குக் கட்டுறது."

"அப்ப இனி அவர் எதைக் கட்டிக்கொண்டு போவார்?" என்று அக்கா கேட்டாள்.

அக்கா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "முடிச்சுப்போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்" என்றாள். அடுத்த முறை போனபோது, நாங்கள் கதிரையில் இருக்கும் முன்பே, "மூடி போட்டாச்சோ?" என்று கேட்டாள். வீட்டில் நடக்கிற ஒன்றை அவள் கேட்டதை அத்தான் பஸ்ஸில் வரும்போது என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னார். நானும் பக்கத்தில்தானே இருந்தேன் என்று நான் சொல்லவில்லை.

கார் முதன்முதலில் கிளம்பிய காலை நன்றாக உறைந்திருந்தது. அண்ணை தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று, "நான் கிட்ட வரேல்லை ஐசே, மூச்சும் விடேல்லை" என்றார். என்ஜின் இருமி, நின்று, மறுபடி இருமி, பிறகு ஓடத் தொடங்கியது. அத்தான் அதை நிறுத்தவேயில்லை. அப்படியே என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

இப்போது அவர்கள் ஹரோவில் இருக்கிறார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகள் இருவரும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்து வளர்ந்துவிட்டார்கள். புதுக் காரில் ஏதாவது பிழை என்றால் அத்தான் கராஜுக்கு எடுத்துப் போகிறார். அவர் அதன் முன்மூடியைத் திறந்து நான் கண்டதில்லை. "அப்பாவுக்கு டயர் மாத்தவே தெரியாது மாமா" என்று மகள் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அத்தானும் சிரிப்பார். நான் அக்காவைப் பார்ப்பேன், அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைக்கக்கூடாது என்றும் இல்லை.

புதிதாகப் பூட்டிய என்ஜினை முதலில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், சாமான்கள் ஒன்றோடொன்று பழகவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அக்காவைக் கூட்டிவந்த அன்று அத்தான் அதை அப்படியே கடைப்பிடித்தார். அக்கா முன்சீட்டில், நான் அவளுடைய பையோடு பின்னால். ஒடுங்கிய தெரு, முந்த இடமில்லை. எங்களுக்குப் பின்னால் கார்களும் ஒரு லொறியும் சேர்ந்துவிட்டன. ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். அத்தானின் கழுத்து அந்தக் குளிரிலும் வேர்த்தது.

"அவை அடிக்கட்டும். நீங்கள் உங்கட பாட்டில போங்கோ" என்றாள் அக்கா.

கொஞ்சத் தூரம் போன பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "அம்மா எண்டால் இந்த ஓட்டத்துக்கும் பயத்தில கண்ணை இறுக்கிப் பொத்தியிருப்பா" என்றாள். அம்மா என்ற சொல் அந்தச் செய்திக்குப் பிறகு அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தரம். "ஊரில பெரியாஸ்பத்திரிக்கு வாடகைக் காரில போகேக்க, ‘மெல்லமா விடு ராசா, மெல்லமா விடு ராசா’ எண்டு டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே போனவ. உனக்கு ஞாபகம் இருக்கோடா?"

"ஓம் அக்கா" என்றேன்.

அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகு சத்தம் வந்தது. அவ்வளவு நாளும் எங்கேயிருந்தது என்று தெரியாத சத்தம். அத்தான் காரை ஓரமாக்கவில்லை. ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார். பின்னால் லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்து எடுக்காமலே வந்தான். அத்தான் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.